சிக்னல் ஹில் வேகப் பந்தயம், 1975–78: ஒரு வரி விதி செய்த வேலை

கலிபோர்னியாவின் லாங் பீச் நகரத்துக்கு நடுவில், நாலா பக்கமும் அந்த நகரமே சூழ்ந்திருக்க, தனி நகராட்சியாக இருக்கிறது சிக்னல் ஹில் என்ற குன்று. உயரம் ஒன்றும் பிரமாதமில்லை: 365 அடி, அதாவது 111 மீட்டர். 1921-ல் இங்கே எண்ணெய் கிடைத்தது. குன்று முழுக்க எண்ணெய்க் கிணற்றுக் கோபுரங்கள் நெருக்கியடித்து நின்றதால் முள்ளம்பன்றிக் குன்று என்று கேலியாக அழைத்த காலமும் உண்டு. 1924-ல் தனி நகரமானது. ஸ்கேட்போர்டுக்காரர்களுக்கு இந்த வரலாறெல்லாம் இரண்டாம் பட்சம். அவர்களுக்கு இந்த ஊர் என்றால் ஹில் ஸ்ட்ரீட் என்ற ஒரே ஒரு தெரு. 1975 முதல் 1978 வரை அந்தச் சரிவில் மேலிருந்து கீழே பாய்ந்து, யாருக்கு வேகம் அதிகம் என்று பார்த்தார்கள். மலைச்சரிவு ஸ்கேட்போர்டு பந்தயத்தின் பிறந்த இடமாக இன்று எல்லோரும் காட்டுவது இதைத்தான். போட்டியாளர்களும் வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடிபட்டு, 1978-க்குப் பிறகு பந்தயம் நிறுத்தப்பட்டது.

பிறந்து நான்கு வருடத்தில் ஒரு போட்டி ஏன் செத்தது? குன்று செங்குத்து, பையன்கள் முரடர்கள், எழுபதுகளில் பாதுகாப்பு உணர்வு கிடையாது என்று வழக்கமாகச் சொல்வார்கள். இதில் பொய் இல்லை. ஆனால் இதே முரட்டுப் பையன்கள் இதைவிட நீளமான மலைப்பாதைகளில் பிற்காலத்தில் பல வருடம் போட்டி நடத்திக் காட்டினார்கள். என் கணிப்பு வேறு: சிக்னல் ஹில்லை முடித்துவைத்தது அதன் விதிப்புத்தகம். அதில் உருப்படியாக இருந்தது ஒரு வரிதான். கீழே அளக்கிற இடத்தைத் தாண்டும்போது யாருடைய வேகம் அதிகமோ அவர் ஜெயித்தார்.

ஏன் சரியாக 1975?

அதற்கு முன்னால் இப்படி ஒரு பந்தயம் நடத்தவே முடியாது. அறுபதுகளின் ஸ்கேட்போர்டு சக்கரங்கள் களிமண் கலவையில் செய்தவை. சாலையில் பட்டாணி அளவு கல் கிடந்தாலும் சக்கரம் அங்கேயே நின்றுவிடும். ஏறி நின்ற ஆள் மட்டும் முன்னால் போவார். பேரிங் என்று இன்று நாம் சொல்கிற மூடிய வளையமும் அப்போது இல்லை. சக்கரத்தின் இரு பக்கமும் எஃகு மணிகளைத் தனித்தனியாக அடுக்கி, ஒரு நட்டை வைத்து இறுக்குவார்கள். நட்டு கொஞ்சம் இறுகினால் சக்கரம் ஓடாது. தளர்ந்தால் மணிகள் ஒவ்வொன்றாகத் தெருவில் உதிரும். சாயங்காலம் முழுக்கத் தரையில் மண்டியிட்டு மணி பொறுக்குவதும் அந்தக் காலத்து ஸ்கேட்போர்டு அனுபவத்தில் ஒரு பகுதிதான்.

ஃபிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர், விர்ஜீனியாவில் ஒரு பிளாஸ்டிக் பட்டறையில் ரோலர் ஸ்கேட்டுக்காக வார்த்த யூரித்தேன் (ரப்பர் போல நெகிழும் பிளாஸ்டிக்) சக்கரங்களைப் பார்த்தார். அதைத் தன் பலகையில் மாட்டிப் பார்த்து, எழுபதுகளின் தொடக்கத்தில் கேடிலாக் வீல்ஸ் என்ற பெயரில் விற்க ஆரம்பித்தார். யூரித்தேன் கல்லை விழுங்கிக்கொண்டு ஓடும், தாரைப் பிடிக்கும். அப்புறம் 1975-ல் சான்டா குரூஸ் நிறுவனக்காரர்கள் மூடிய பேரிங் பொருந்தும் ரோட் ரைடர் சக்கரத்தைக் கொண்டுவந்தார்கள். மணி உதிரும் தொல்லை அத்தோடு ஒழிந்தது. கையிலிருந்த பொம்மை திடீரென்று ஒரு வாகனமாகிவிட்டது. அதை எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்று பார்க்க ஆசை வராமல் இருக்குமா?

அந்த ஆசைக்குத் தீனி போட்டது தொலைக்காட்சி. கின்னஸ் சாதனைகளை வைத்து அமெரிக்கத் தொலைக்காட்சியான ஏபிசி-யில் வந்த நிகழ்ச்சிக்கு ஸ்கேட்போர்டு வேகச் சாதனை ஒன்று தேவைப்பட்டது. அமெரிக்க ஸ்கேட்போர்டு சங்கத்தை நடத்திய ஜிம் ஓமஹோனி பந்தயத்துக்கு ஏற்பாடு செய்தார். முதல் வருடம் ஜெயித்தவர் கை கிரண்டி. வேகம் மணிக்கு 50 மைலுக்குச் சற்று மேல், அதாவது 80 கிலோமீட்டருக்கு மேல். பலகையில் நின்றபடி போன வேகம் இது. இன்றைய மலைச்சரிவுப் பலகைகளோடு ஒப்பிட்டால் அன்றைய பலகைகள் குட்டையானவை, அச்சு குறுகலானவை. அதன்மேல் 80-ல் நின்றார் என்பதே பெரிய விஷயம். இந்தப் பந்தயத்தை நான் குறை சொல்கிற கட்டுரையில் இதையும் சொல்லத்தான் வேண்டும்.

விதி என்ன கேட்டது, ஆட்கள் என்ன கொண்டுவந்தார்கள்

விதியில் உடல் எப்படி இருக்க வேண்டும் என்று எதுவும் சொல்லவில்லை. நிற்கலாம். தலை முன்னால் போகக் குப்புறப் படுக்கலாம். கால் முன்னால் போக மல்லாந்தும் படுக்கலாம். பெரும்பாலானோர் நின்றுதான் ஓட்டினார்கள். ஆனால் பரிசு உச்ச வேகத்துக்குத்தான் என்று தெரிந்ததும் கெட்டிக்காரர்கள் காற்றைப் பற்றி யோசிக்க ஆரம்பித்தார்கள். ஓரிரு வருடத்துக்குள் படுத்தபடி ஓட்டும் பலகைகள் வந்தன. அப்புறம் ஆளை முழுக்க மூடிக்கொள்ளும் கூடுகள் வந்தன. உள்ளே ஒரு மனிதர், கீழே ஸ்கேட்போர்டு சக்கரங்கள், எஞ்சின் கிடையாது. ஸ்கேட் கார் என்று அதற்குப் பெயர்.

இவர்கள் யோசித்தது சரியா என்று சின்னக் கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். உபகரணத்தோடு சேர்த்து 80 கிலோ எடையுள்ள ஒருவர், 100 மீட்டருக்கு 10 மீட்டர் இறங்கும் சாலையில் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். புவியீர்ப்பு அவரைக் கீழ்நோக்கி இழுக்கும் விசை சுமார் 78 நியூட்டன். சக்கர உராய்வுக்கு 8 நியூட்டன் போனால் மிச்சம் 70. காற்றின் எதிர்ப்பு இந்த 70-ஐ எட்டும்வரை வேகம் ஏறும், எட்டியதும் அதற்கு மேல் ஏறாது. நிமிர்ந்து நிற்கிறவருக்கு அந்த எல்லை ஏறக்குறைய மணிக்கு 50 கிலோமீட்டர். முழங்காலை மடக்கி, முதுகைத் தட்டையாக்கி, கைகளைப் பின்னால் கட்டிக் குனிந்தால் 75, 80 வரும். மல்லாந்து படுத்தால் 110-ஐத் தாண்டலாம். உடல் அளவையும் உடையையும் பொறுத்து இந்த எண்கள் கூடக் குறைய இருக்கும். ஆனால் ஒரே குன்று, ஒரே எடை, ஒரே சக்கரம் இருந்தும் உடலை வைத்துக்கொள்ளும் விதத்தை மாற்றினாலே வேகம் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது என்பதில் சந்தேகமில்லை.

சாதனைப் பட்டியலும் இதைத்தான் காட்டுகிறது. 1978 ஜூன் 11 அன்று இதே சிக்னல் ஹில்லில் ஜான் ஹட்சன் நின்றபடி 53.45 மைல், அதாவது 86.02 கிலோமீட்டர் வேகம் எடுத்தார். அடுத்த வருடம் ஜூன் 17 அன்று அதே மாநிலத்தின் மவுண்ட் பால்டியில் ரிச்சர்ட் பிரவுன் குப்புறப் படுத்து 71.79 மைல், 115 கிலோமீட்டருக்கு மேல் போனார். இடையில் ஒரு வருடம்தான்.

சரி, வேகம் கூடினால் கூடட்டும், அதற்குத்தானே பந்தயம் என்று கேட்கலாம். சிக்கல் நிறுத்துவதில் இருக்கிறது. நின்று ஓட்டுகிறவருக்கு இரண்டு பிரேக் உண்டு, இரண்டும் அவர் உடம்பிலேயே இருக்கின்றன. ஒன்று செருப்படி: ஒரு காலை இறக்கித் தாரில் தேய்ப்பது. இன்னொன்று நெஞ்சு. குனிந்து வந்தவர் 80-ல் சட்டென்று நிமிர்ந்து கைகளை விரித்தால், காற்று மட்டும் சுமார் 175 நியூட்டனோடு அவரைப் பின்னால் தள்ளும். சரிவு இழுப்பதோ 78. சாலை இன்னும் கீழ்நோக்கிப் போய்க்கொண்டிருந்தாலும் அவர் வேகம் குறையும். படுத்தபடி போகிறவருக்குக் கால் மிஞ்சியிருக்கிறது, நெஞ்சு இல்லை. மூடிய கூட்டுக்குள் இருப்பவருக்கு இரண்டுமே இல்லை. எந்த வழவழப்பு அவரை ஜெயிக்க வைத்ததோ அதுவே அவருடைய பிரேக்கைப் பறித்துவிட்டது. உள்ளே ஏதாவது நெம்புகோல் வைத்துப் பிரேக் செய்திருந்தாலும், அது பிசகினால் அப்புறம் எதிரே வருவதுதான் பிரேக்.

காலை மட்டும் நம்பினால் எவ்வளவு தூரம் வேண்டும்? ஒற்றைக் காலைத் தேய்த்து ஒரு மனிதர் நொடிக்கு நொடி 2 மீட்டர் வீதம் வேகத்தைக் குறைக்கிறார் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், 80-லிருந்து நிற்கச் சமதரையில் 120 மீட்டருக்கு மேல் ஆகும். சாலை அதே 10 சதவீதம் சரிந்துகொண்டே இருந்தால் சரிவு பாதியை விழுங்கிவிடும், 250 மீட்டர் ஆகிவிடும். நகரத் தெருவில் அந்த 250 மீட்டருக்குள் குறுக்குத் தெரு வரும், விளக்குக் கம்பம் வரும், நடைபாதை விளிம்பு வரும். 80 கிலோமீட்டர் வேகத்தில் மோதுவது எட்டு மாடி உயரத்திலிருந்து விழுவதற்குச் சமம். 110 என்றால் பதினைந்து மாடிக்கு மேல்.

சிக்னல் ஹில்லின் விதி வேகத்துக்கு மதிப்பெண் கொடுத்தது, நிற்பதற்குக் கொடுக்கவில்லை. அளக்கிற இடத்தைத் தாண்டியதும் பந்தயம் முடிந்தது. ஆனால் ஓடிவந்தவருக்குக் கஷ்டமான பாதி அங்கேதான் தொடங்கியது.

தடுமாற்றம், கூட்டம், முடிவு

வேகத்தில் பலகை ஆடுவதை ஸ்கேட்போர்டுக்காரர்கள் வாபிள் என்பார்கள். ஸ்கேட்போர்டில் கைப்பிடி கிடையாது. உடலை ஒரு பக்கம் சாய்த்தால் அச்சு திரும்பும். மெதுவாகப் போகும்போது இது சுகம். 70, 80-ல் கணுக்காலின் சின்ன நடுக்கம்கூடத் திருப்பமாகிவிடும். அதைச் சரிசெய்ய எதிர்ப்பக்கம் சாய்வார், அது அதிகமாகிப் போகும், மறுபடி இந்தப் பக்கம். இரண்டு மூன்று ஆட்டத்தில் ஆள் தரையில். எடையை முன்காலில் போடுவதும், பின் அச்சை விறைப்பாக வைப்பதும், அச்சுக்கு நடுவே இருக்கும் ரப்பரைக் கெட்டியாக மாற்றுவதும் இதற்கு மருந்து. இன்று வேகம் பழக வருகிற எவருக்கும் முதல் பாடம் இதுதான். 1975-ல் இதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை. விழுந்து விழுந்து கண்டுபிடித்தார்கள்.

பார்க்க வந்தவர்கள் தெருவின் இரண்டு பக்கமும் நின்றார்கள். தடம் நேர்க்கோடு, எங்கே நின்றாலும் தெரியும். ஆபத்து எங்கே இருக்கிறது என்று பார்வையாளர்களுக்குக் காட்டும் அடையாளம் நேர்த்தெருவில் எதுவும் இல்லை. வளைவில் வெளிப்பக்கம் நிற்கக்கூடாது என்பது யாருக்கும் புரியும். நேர்த்தெருவிலோ தடுமாறிய பலகை எந்தப் பக்கம் வேண்டுமானாலும் போகலாம். வருடம் ஏற ஏற வேகமும் கூடியது, காயங்களும் கூடின. போட்டியில் ஓடிய சில பெண்களில் ஒருவரான டினா ட்ரெஃபெதென் தன் ஸ்கேட் காரில் மோதிப் படுகாயமடைந்தார். வேடிக்கை பார்க்க வந்தவர்களும் அடிபட்டார்கள். 1978 போட்டியோடு கதை முடிந்தது.

இந்தப் பந்தயத்தை வீரயுகம் போலக் கொண்டாடும் பேச்சு அமெரிக்க ஸ்கேட்போர்டு வட்டாரத்தில் நிறைய உண்டு. அதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மல்லாந்து படுத்து ஓட்டும் ஸ்ட்ரீட் லூஜ் என்ற விளையாட்டே இங்கேதான் பிறந்தது என்பதில் பெரிய தகராறு இல்லை. ஒரு விதி எதையும் தடுக்காமல் விட்டதால்தான் அது பிறக்க முடிந்தது. மிச்சப் பாதியில் எனக்கு உடன்பாடில்லை. நின்று ஓட்டுகிறவர், படுத்து ஓட்டுகிறவர், கூட்டுக்குள் அடைந்தவர் மூவரையும் ஒரே பரிசுக்கு ஓடவிட்டால், அடுத்த வருடம் எல்லோரும் கூடு செய்வதைப் பற்றித்தான் யோசிப்பார்கள். பிரிவு பிரித்திருந்தால் ஹட்சன் போன்றவர்கள் நின்றபடியே பல வருடம் ஓட்டியிருக்கலாம் என்று நினைக்கிறேன்.

வளைவுள்ள சாலையில் என்ன மாறுகிறது

ஒப்பிட்டுப் பார்க்க ஒரு சாலை இருக்கிறது. வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆற்றுக்கு மேலே, மேரிஹில் லூப்ஸ் சாலை. நல்ல சாலை வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கப் பிரசாரம் செய்த சாமுவேல் ஹில் என்ற பணக்கார வழக்கறிஞர் சொந்தச் செலவில் போட்ட சோதனைச் சாலை அது. பொறியாளர் சாமுவேல் லங்காஸ்டர். கொலம்பியா ஆற்று நெடுஞ்சாலையை வடிவமைத்தவரும் இவர்தான். அக்காலத்து மோட்டார் வண்டிகள் திணறாமல் ஏற வேண்டும் என்பதற்காகச் சரிவை 5 சதவீதத்துக்கு மேல் போகவிடாமல், கொண்டை ஊசி வளைவுகளாக மடித்து மடித்துப் போட்டார்கள். நீளம் 3.6 மைல். அருகிலேயே ஹில் கட்டிய மேரிஹில் கலை அருங்காட்சியகம். பழைய சாலையும் அவர்கள் வசம்தான். பொதுப் போக்குவரத்துக்கு மூடிய சாலை என்பதால் ஸ்கேட்போர்டுக்காரர்களுக்கு அது கோயில் மாதிரி. சர்வதேசப் போட்டிகளும், சும்மா சேர்ந்து ஓட்டும் வார இறுதிக் கூடல்களும் அங்கே நடந்திருக்கின்றன.

சிக்னல் ஹில்லோடு ஒப்பிட்டால் இரண்டு வித்தியாசம் உடனே தெரியும். சரிவு குறைவு, அதனால் உச்ச வேகம் தானாகவே அடங்கும். அதைவிட முக்கியம், வளைவு. ஒவ்வொரு கொண்டை ஊசியிலும் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். குறைக்கத் தெரியாதவர் முதல் வளைவிலேயே, ஓரத்தில் அடுக்கிய வைக்கோல் கட்டுகளுக்குள் இருப்பார். அதாவது நிறுத்தத் தெரிவது பந்தயத்தின் உள்ளேயே வந்துவிடுகிறது. யார் முதலில் கீழே வருகிறார் என்பதுதான் கேள்வி என்றானதும், மூடிய கூட்டால் பிரயோசனம் குறைந்துபோகிறது. நான்கு பேரை ஒன்றாக விட்டு, முதல் இரண்டு பேரை அடுத்த சுற்றுக்கு அனுப்புவது இன்று பரவலாக இருக்கும் முறை. பார்க்கிறவர்களுக்கும் இதுதான் சுவாரசியம். ரேடார் திரையில் ஒரு எண்ணைப் பார்ப்பதைவிட, கடைசி வளைவில் இரண்டு பேர் தோளோடு தோள் உரசி உள்பக்கம் நுழையப் பார்ப்பதில்தான் விசில் அடிக்கத் தோன்றும்.

வளைவில் வேகம் குறைக்கிற வித்தையைக் கலிபோர்னியாவின் பெர்க்லி மலைத்தெருக்களில் கிளிஃப் கோல்மன் என்பவர் பழக்கத்துக்குக் கொண்டுவந்தார். இன்றும் அவர் பெயரில்தான் அது வழங்குகிறது. முன்காலை மடக்கி உட்கார்ந்து, பின் முழங்காலைப் பலகையோடு ஒட்டி, உள்பக்கக் கையைத் தாரில் ஊன்றுவார்கள். கையுறையின் உள்ளங்கையில் கெட்டியான பிளாஸ்டிக் வில்லை ஒட்டியிருக்கும். எடை ஒரு நொடி அந்த வில்லைக்கு மாறும்போது பின்காலால் பலகையைத் தள்ளினால் நான்கு சக்கரமும் பிடியை விட்டுக் குறுக்காக வழுக்கும். யூரித்தேன் கரைந்து தாரில் வெள்ளைக் கோடு விழும், சக்கரம் கீச்சிடும், வேகம் மளமளவென்று இறங்கும். கையை எடுத்ததும் பலகை நேராகும். செருப்படி பிரேக்கைவிட இது பல மடங்கு வேகமாக நிறுத்தும், ஷூவும் தேயாது. சிக்னல் ஹில்லின் மூன்று வகை ஓட்டிகளில், நிற்கிறவருக்கு மட்டுமே இது சாத்தியம்.

ஊர்க்காரர்கள் நடத்தும் சின்னப் போட்டிகளும் இந்த வித்தையை நம்பித்தான் வளர்ந்தன. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பெண்டர் ஹார்பர் என்ற கடலோரச் சிற்றூரில் 2002-ல் தொடங்கிய டேஞ்சர் பே அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. மே மாத விடுமுறை வார இறுதியில் ஓட்டிகள் அங்கே வந்து கூடாரம் போட்டுத் தங்குவார்கள். சிக்னல் ஹில்லைப் போல நான்கே வருடத்தில் அது முடிந்துவிடவில்லை.

இப்படிப்பட்ட போட்டியின் காலை வேளை கொஞ்சம் சலிப்பூட்டும், வேண்டுமென்றே. விடிந்ததும் முதல் வேலை விளக்குமாறு: வளைவின் உள்ளோரத்தில் மழை அடித்துவந்த மணலைக் கூட்டித் தள்ளுவார்கள். தாரில் விரிசல் அடைத்த கறுப்புக் கோடுகள் வெயில் ஏறினால் வழவழக்கும், அவற்றை ஓட்டிகளுக்குக் காட்டிவைப்பார்கள். வளைவின் வெளிப்பக்கம், அதுவும் வளைவு முடிந்து சாலை நேராகும் இடத்தில், வைக்கோல் கட்டுகளை அடுக்குவார்கள். ஆட்கள் வழிதவறிப் போய்விழுவது வளைவின் நடுவில் இல்லை, அது முடிகிற இடத்தில்தான். கொடி பிடித்த தன்னார்வலர்கள், ஒருவர் கண்ணுக்கு அடுத்தவர் தெரிகிற தூரத்தில் நிற்பார்கள். கீழே யாராவது விழுந்தால் மேலே கிளம்பாமல் நிறுத்த வேண்டுமே. ஆம்புலன்ஸ் வந்து நின்றால்தான் முதல் ஓட்டம். முழுமுக ஹெல்மெட், தோல் உடுப்பு, வில்லை ஒட்டிய கையுறை இல்லாதவருக்கு எண் கொடுக்க மாட்டார்கள். பழகும் சுற்றில் நிறுத்தத் தெரியவில்லை என்று தெரிந்தால் தோளில் தட்டி, இந்த வருடம் கொடி பிடி, அடுத்த வருடம் ஓட்டு என்று சொல்லிவிடுவதும் நடக்கும். கோபித்துக்கொள்கிறவர்கள் குறைவு. கீழே வந்த எல்லோரும் ஒரே லாரியில் பலகையை மடியில் வைத்துக்கொண்டு நெருக்கியடித்து மேலே போகவேண்டும். அங்கே முறைத்துக்கொண்டு உட்கார முடியாது.

உச்ச வேகத்தைத் துரத்துகிறவர்கள் காணாமல் போய்விடவில்லை. அவர்கள் தனி வழி பார்த்துக்கொண்டார்கள். 1998-ல் அரிசோனாவில் கேரி ஹார்ட்விக் நின்றபடி 100.66 கிலோமீட்டர் எடுத்தார். 2012-ல் கியூபெக்கில் மிஷோ எர்பன் 129.94. 2016-ல் கொலராடோவில் கைல் வெஸ்டர் 143.89. அடுத்த வருடமே கியூபெக்கின் லே எபூல்மான் சாலையில் பீட் கொனலி 146.73. நால்வரும் நின்றபடி ஓட்டியவர்கள். படுத்து ஓட்டுகிறவர்களின் சாதனைகளுக்குத் தனிக் கணக்கு. அதாவது, சிக்னல் ஹில்லில் ஒரே நாளில், ஒரே தெருவில், ஒரே பரிசுக்காகக் குவிந்தவர்கள் இன்று மூன்றாகப் பிரிந்துவிட்டார்கள்: வளைவில் முந்துகிறவர்கள், படுத்து ஓட்டுகிறவர்கள், எண்ணைத் துரத்துகிறவர்கள். ஒருவர் விதி இன்னொருவருக்குப் பொருந்தாது என்று மூன்று தரப்பும் ஒப்புக்கொண்டுவிட்டன.